கேள்வி பதில்: வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் மனசு

பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளையை, தத்து எடுக்காமல், வேறொரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதுதான் வளர்ப்புப் பராமரிப்பு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 12 வருடம் ஆற்றுப்படுத்துநராக (கவுன்சிலராக) இருந்தவள் நான். தத்து, கோர்ட் விவகாரங்களை வக்கீலிடம் கேளுங்கள். பிள்ளையைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.

சேலம்: 7 வயதுப் பெண். வந்து மூன்று மாதம். தலையணைக்கு அடியில் பூரி, பிஸ்கட் ஒளித்து வைக்கிறாள். திருட்டுப் பழக்கமா?

திருட்டு இல்லை, பயம். அடுத்த வேளை சோறு வருமா என்று தெரியாமல் வளர்ந்தவள் அவள். நான் பார்த்த ஒரு பையன் ஜியாமெட்ரி பாக்ஸில் இட்லியைத் திணித்து வைத்திருந்தான். எறும்பு வரிசையைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் அந்த வீட்டு அக்கா கண்டுபிடித்தார். திட்டவில்லை. மறுநாள் ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கி, அவன் பேரை வெட்டி, அவனுக்குக் கை எட்டும் அலமாரித் தட்டில் வைத்தார். பொட்டுக்கடலை, பிஸ்கட். வேறு யாரும் தொடக் கூடாது, தீர்ந்தால் கேட்காமலே நிரப்பிவிட வேண்டும். முதல் வாரம் ராத்திரியே காலி. நாலைந்து மாதத்தில் டப்பாவையே மறந்துவிட்டான். நீங்களும் அதைச் செய்யுங்கள். சமையலறையைப் பூட்டாதீர்கள். ‘இப்படிச் செய்தால் திருப்பி அனுப்பிடுவேன்’ என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

மதுரை: முதல் மாதம் தங்கமாக இருந்தான். இப்போது கைக்குக் கிடைத்ததை உடைக்கிறான்.

முதல் மாதம் விருந்தாளியாக இருந்தான். ‘இப்படி இருந்தாலும் என்னை வைத்துக்கொள்வார்களா’ என்று இப்போது பார்க்கிறான். உடைந்ததை அவனோடு சேர்ந்து கூட்டி அள்ளுங்கள். தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, செத்துப்போகிறேன் என்றாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம். மற்றபடி, மறுபடி சொல்கிறேன், அனுப்பிடுவேன் என்ற பேச்சு வேண்டாம்.

திருச்சி: 8 வயது. படுக்கையில் ஒன்றுக்குப் போகிறாள்.

சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் டாக்டர் பார்க்கட்டும். இல்லையென்றால் ரப்பர் ஷீட், மாற்றுத்துணி. பக்கத்து வீட்டில் சொல்லக் கூடாது.

மாதம் எவ்வளவு தருவார்கள்?

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு 4,000 ரூபாய். மீதியை அலகில் கேளுங்கள்.

கரூர்: படுக்கையில் ஒன்றுக்கு…

மேலே பார்க்கவும்.

திருநெல்வேலி: நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் உருப்பட்டோம். ஒரு அடி போட்டால் என்ன?

இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு, பராமரிப்பவர் பிள்ளையைக் கொடுமை செய்தால் மூன்று வருடம் வரை சிறை என்கிறது. சட்டம் கிடக்கட்டும். அடித்த உங்கள் அப்பாவே ராத்திரி பரோட்டா வாங்கி வந்து எழுப்பியிருப்பார், இல்லையா? இந்தப் பிள்ளையை அடித்தவர் யாரும் பரோட்டாவோடு திரும்பி வரவில்லை, ஐயா.

அவரே: அப்போது தலையில் ஏறி உட்காரட்டுமா?

கண்டிக்க வேண்டாம் என்று எங்கே சொன்னேன்? எட்டு மணிக்கு டிவியை அணைக்க வேண்டும் என்றால் எட்டுக்கு அணையுங்கள். கத்துவான். கத்தி முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

தஞ்சாவூர் ஆசிரியை: ஐயா சொல்வது சரி. வகுப்பில் இந்தப் பிள்ளைகள்தான் அதிகம் அலட்டுகிறார்கள்.

டீச்சர், ‘இந்தப் பிள்ளைகள்’ என்று வகுப்பில் ஒருமுறை சொன்னீர்கள் என்றால் நான் ஆறு மாதம் செய்த வேலை போச்சு. ருமேனியாவில் 2000வாக்கில் விடுதிக் குழந்தைகள் 136 பேரில் பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் வீட்டுக்குப் போனவர்கள் நன்றாக ஒட்டிக்கொண்டார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேல்தான் வருகிறார்கள். நாள் பிடிக்கும். அவர்கள் அலட்டுவது உங்களைச் சீண்ட அல்ல.

திருநெல்வேலி ஐயா இன்னும் இரண்டு எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சு போதும்.

ஈரோடு: கோபத்தில் ‘விடுதிக்கே அனுப்பிடுவேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டோம். அன்றிலிருந்து துணியெல்லாம் ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

இதற்காகத்தான் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தேன். இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேளுங்கள். ‘எப்போதும் இங்கேதான்’ என்று பொய் வாக்கும் கொடுக்க வேண்டாம், அது குழந்தைகள் நலக் குழுவின் கையில் இருக்கிறது. ‘எது மாறினாலும் முதலில் உன்னிடம்தான் சொல்வோம்’ என்று சொல்லுங்கள். பையை நீங்கள் பிரிக்காதீர்கள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வையுங்கள், அவளாக எடுத்து அடுக்கட்டும்.