வாசகர் கேள்வி பதில்: முறுக்கியாச்சு சரி, பார்த்தாச்சா?

கேள்வி: சார், நானும் அண்ணனும் பழைய மாருதி 800 ஒன்றைப் பிரித்து, அதன் இன்ஜின், கியர் பாக்ஸ், முன் சக்கர அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே பின்னால் வைத்து, தோப்புக்குள் ஓட்ட ஒரு பக்கி (மேல்கூடு இல்லாத சின்ன வண்டி) கட்டியிருக்கிறோம். ஆறு மாதமாக நன்றாக ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பிரேக் பேடு மாற்றிவிட்டு ஒரு ரவுண்டு போகலாம் என்று எடுத்தேன். வாய்க்கால் மேட்டில் பிரேக்கை மிதித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. இரண்டாவது மிதியில்தான் பிடித்தது. தென்னை மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வண்டியில் கை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும் என்னென்ன பார்க்க வேண்டும்?
(ஒரு வாசகர், பொள்ளாச்சி)

பதில்: அந்த ஒரு முழத்தைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது தம்பி. முதலில் நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். புது பேடு தடிமனாக இருக்கும், அதை நுழைக்க காலிப்பரில், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பிடியில், இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள். அப்போது பிஸ்டனுக்கும் பேடுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். நீங்கள் மிதித்த முதல் மிதி முழுக்க அந்த இடைவெளியை அடைக்கத்தான் போயிருக்கிறது, சக்கரத்தைப் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. வண்டியை நகர்த்துவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே பெடலை நாலைந்து தடவை மிதித்து, அது கல் மாதிரி ஆன பிறகு கியர் போட்டிருந்தால் இது நடந்தே இருக்காது.

அப்புறம், பெடல் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. இன்ஜினை அணைத்துவிட்டு, முழு பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். கால் மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் விடுகிறது. ரப்பர் பந்தை மிதிப்பது போல இருந்தால் உள்ளே ஏர் இருக்கிறது. காலிப்பரைக் கழற்றி மாட்டியவர்கள் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல் பக்கம் பார்த்து இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இடது வலது மாறி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே போய்விடும், நாள் முழுக்க உட்கார்ந்து ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய குமிழி வராது. ஒழுகலைக் கண்ணால் தேடாதீர்கள். பழைய செய்தித்தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, பெடலை ஒருவர் மிதித்துப் பிடித்திருக்க, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒற்றி எடுங்கள். ஒரு சொட்டு இருந்தாலும் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னென்ன பார்ப்பது என்பதைவிட யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பார்ப்பது தனி வேலை. வேலையின் கடைசிப் பகுதியாக அதை நினைத்தால் அவசரத்தில் விட்டுப் போய்விடும். முறுக்கிய ஆளே பார்த்தால், முறுக்கியதாக நினைவில் இருப்பதைத்தான் பார்ப்பார்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன்பு நண்பருடைய வண்டியில் ஸ்டியரிங் ராடும், சக்கரங்களைத் திருப்பும் ராக்கும் சேரும் ஜாயின்ட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். டீ வந்தது, எழுந்து போய்க் குடித்தேன், பேசினேன், திரும்பி வந்து அடுத்த போல்ட்டிலிருந்து தொடர்ந்தேன். அந்த ஜாயின்ட் போல்ட்டைக் கையால் மட்டும் திருகி வைத்திருந்தது மனதில் இல்லை. வண்டி வாசல் வரை போனது, வளைக்கும்போது ஸ்டியரிங் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. நடை வேகம் என்பதால் மதில் மட்டும் உரசியது. இருபது நிமிடம் கழித்து என்றால் நாங்கள் நெடுஞ்சாலையில் இருந்திருப்போம். அன்றிலிருந்து பாதியில் எழ வேண்டி வந்தால் ஸ்பேனரை அந்த போல்ட்டிலேயே மாட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுத்தான் எழுகிறேன். சரியாக முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டுக்கும், நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரை போகிற மாதிரி, மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோடு இல்லையா, முறுக்கவில்லை. கோடு உடைந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறது. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அந்த ஜாயின்ட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ராடு முழுதாக உள்ளே போகாமலே போல்ட்டை நுழைக்க முடிகிற வண்டிகள் இருக்கின்றன. முறுக்கினால் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் பிடிப்பு இருக்காது. போல்ட் ராடில் உள்ள பள்ளத்தின் வழியாகப் போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உங்கள் பக்கியில் நான் குறிப்பாகப் பயப்படுவது இரண்டு இடங்களுக்கு. மாருதியின் முன் அமைப்பைப் பின்னால் கொண்டுபோனீர்கள் அல்லவா, அங்கே ஸ்டியரிங் வேலை இல்லை என்பதால் சக்கரத்தைத் திருப்ப இருந்த பழைய டை ராடுகளை சேசிஸில் அசையாமல் பிணைத்திருப்பீர்கள். அதன் லாக் நட் தளர்ந்தால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும், முன்னால் உட்கார்ந்து நீங்கள் எவ்வளவு வளைத்தாலும் வண்டி கேட்காது. ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள், டொக் என்று ஒரு சத்தம் வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது.

இரண்டாவது, பிரேக் பலம். முன் சக்கரத்துக்கென்று செய்த டிஸ்க் பிரேக் இப்போது பின்னால் இருக்கிறது. பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால் சுழன்று முன்னால் வந்துவிடும். மரம் இல்லாத காலி இடத்தில், மண் தரையில், 20 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தி மிதித்து, அண்ணனை வெளியே நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பின் சக்கரம் முதலில் நின்றால், அதைச் சரிசெய்யும் வரை தோப்புக்குள் வேகம் வேண்டாம்.

பிரேக் ஹோஸ் விஷயத்தில் வண்டி தரையில் நிற்கும்போது பார்த்தது கணக்கில் வராது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் தொங்கும்போது ஒரு தடவை, கீழே இறக்கி இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது ஒரு தடவை, முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி ஒரு தடவை. எங்கும் இழுபடக் கூடாது, டயரில் உரசக் கூடாது. தூக்கும்போது ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் உடையும். ஸ்டாண்டு வாங்குங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்து விட்டால் டக் என்று திரும்ப வேண்டும், ஸ்பிரிங் இரண்டு இருக்கட்டும், ஒன்று அறுந்தால் மற்றது இழுக்கும். பெட்ரோல் வாசனை வந்தால் எங்கிருந்து என்று தெரியும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு முதல் ஓட்டம் பத்தே நிமிடம். நடை வேகத்தில் இரண்டு தடவை பிரேக், அப்புறம் கொஞ்சம் வேகம், அப்புறம் நிறுத்திவிட்டு இறங்குங்கள். நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது அல்லது பேரிங் இறுக்கமாக இருக்கிறது. வீல் நட்டை மறுபடி முறுக்கிப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சக்கரமாக இருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நடுவில் சிக்கிய பெயின்ட் அமுங்கி நட் தளரும். முறுக்கும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் எவ்வளவு வைப்பது என்பதை, சக்கரம் மாட்டும் ஹப் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் மேனுவலில் பார்த்து வையுங்கள், பக்கத்துக் கடையில் கேட்டு வைக்காதீர்கள். அடுத்த தடவை நீங்கள் வேலை செய்தால் அண்ணன் பார்க்கட்டும், அண்ணன் செய்தால் நீங்கள். தொட்டு, வாய்விட்டுச் சொல்லி, தாளில் டிக் போட்டு. முடிந்தால் மறுநாள் காலை.

கேள்வி: நைலாக் நட்டை எத்தனை தடவை கழற்றி மாட்டலாம்?
(ஒரு வாசகர், ஒசூர்)

பதில்: நைலாக் என்றால் உள்ளே நைலான் வளையம் வைத்து, தானாகக் கழலாமல் பிடிக்கும் நட். ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷனில் ஒரு தடவைதான். கழற்றினால் புதிது போடுங்கள், சில ரூபாய் விஷயம். மாட்டிய பிறகு போல்ட்டின் மரை நட்டுக்கு வெளியே இரண்டு சுற்றாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் நைலான் வளையத்தைப் போல்ட் சரியாகக் கவ்வவில்லை. சூடு அதிகம் உள்ள எக்ஸாஸ்ட் பக்கம் நைலாக் வேண்டாம், உருகிவிடும். ஸ்பிளிட் பின் போடும் நட்டாக இருந்தால், துளை நேராக வரவில்லை என்று தளர்த்தாதீர்கள், முன்னே முறுக்கித்தான் துளைக்கு வர வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவதும் கூடாது.

கேள்வி: எல்லாச் சோதனையும் செய்துவிட்டால் வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்டலாமா?
(ஒரு வாசகர், வேலூர்)

பதில்: கூடாது. பிரிட்டனில் தனி ஒருவர் கட்டிய ஒற்றைக் காரை அரசே சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. இங்கே அந்த மாதிரி எளிய வழி இல்லை. புது வண்டி பதிவாக வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் சான்று வேண்டும், ஏற்கெனவே பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. சொந்த நிலம், பந்தயத் தளம், அவ்வளவுதான்.

கேள்வி: ஐயா, என் மகன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி அணியோடு சேர்ந்து ரேஸ் கார் கட்டுகிறார்கள், கோயம்புத்தூரில் போட்டியாம். ஒரு மாதமாக இரவு இரண்டு மணி வரை பட்டறையில்தான். அவனேதான் ஓட்டவும் போகிறான். எனக்குத் தூக்கமே வருவதில்லை. அவனிடம் நான் என்ன கேட்க வேண்டும்?
(ஒரு தாய், திருச்சி)

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது ஃபார்முலா பாரத் போட்டியாக இருக்கும், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடப்பது. மாருதி 800 இன்ஜினை வைத்து இந்தியப் பிள்ளைகளுக்காகப் பந்தயக் கார் கட்டிய கோவைக்காரர் கரிவரதனின் பெயரில் உள்ள தளம் அது. போட்டி நாளில் அவன் பாதுகாப்புக்குக் கடுமையான சோதனை இருக்கிறது. காரை ஒரு மேடையில் ஏற்றி 60 டிகிரி சாய்ப்பார்கள், ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது, எந்தச் சக்கரமும் மேடையை விட்டு எழக் கூடாது. ஓடி வந்து பிரேக் அடித்தால் நான்கு சக்கரமும் பூட்டி நிற்க வேண்டும். பெல்ட் கட்டி உட்கார்ந்த பையன் ஐந்து விநாடியில் வெளியே வர வேண்டும். முக்கியமான போல்ட் எல்லாம் தானாகக் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தளத்தில் இறங்க விடமாட்டார்கள்.

எனக்குக் கவலை அதற்கு முந்தைய வாரங்கள்தான். கல்லூரி மைதானத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்களில் சோதிக்க வெளியாள் யாரும் இருக்கமாட்டார். அதனால் மூன்று விஷயம் கேளுங்கள். நீ முறுக்கியதை யார் பார்க்கிறார்கள்? எழுதி வைத்த பட்டியல் இருக்கிறதா, அதில் பார்த்தவர் கையெழுத்துப் போடுகிறாரா? ராத்திரி வேலை பார்த்த காரை அன்று ராத்திரியே ஓட்டுகிறீர்களா? மூன்றாவதற்கு ஆமாம் என்றால், தூங்கி எழுந்து காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டு ஓட்டு என்று கண்டிப்பாகவே சொல்லுங்கள், அம்மா சொன்னால் கேட்பான்.

இன்னொன்று, அவன் வேலையில் இருக்கும் நேரத்தில் சாப்பிட்டாயா என்று போன் செய்வீர்கள் அல்லவா. முறுக்கும்போது போன் அடித்தால், மேலே சொன்ன என் டீக் கதைதான் அவனுக்கும். எட்டு மணிக்கு, பத்து மணிக்கு என்று இருவரும் ஒரு நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வருவதற்குள் கையில் இருக்கும் போல்ட்டை முடித்து, அந்த மஞ்சள் கோடு போட்டுவிட்டு அவனே கூப்பிடட்டும்.