பார்க்கின்சனும் உடற்பயிற்சியும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 64 வயது. பார்க்கின்சன் வந்து மூன்று வருடம் ஆகிறது. உடற்பயிற்சி செய்தால் அழிந்துபோன மூளைச் செல்கள் திரும்ப வருமா?

பதில்: நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். போன செல் போனதுதான். உடல் அசைவைச் சீராக வைக்கும் மூளை ரசாயனம் டோபமைன். அதைச் சுரக்கும் செல்களில் கணிசமான பகுதி, கை நடுங்கத் தொடங்கும் முன்பே போய்விடுகிறது. ஆனால் மிச்சமிருக்கும் மூளை சும்மா இருப்பதில்லை.

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். பார்க்கின்சன் உள்ளவர்களில் ஒரு பிரிவினர் ஆறு மாதம், வாரம் மூன்று நாள், வீட்டிலேயே நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். இன்னொரு பிரிவுக்குத் தசை நீட்டும் பயிற்சி மட்டும். அவர்களில் 56 பேரின் ஸ்கேன் முடிவுகள் 2022-இல் வந்தன. அசைவுக்கு உதவும் புட்டாமென் என்ற பகுதியில் டோபமைன் முதலில் வற்றுவது பின்பக்கம்தான். சைக்கிள் மிதித்தவர்களுக்கு, அவ்வளவாகப் பாதிக்காத முன்பக்கத்துக்கும் உடல் அசைவை நடத்தும் மூளையின் மேற்பகுதிக்கும் இருந்த தொடர்பு வலுத்திருந்தது. மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டால் ஆட்டோக்காரர் சந்துக்குள் புகுந்து போவாரே, அது மாதிரி. மூளை சுருங்குவதும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

கேள்வி: என் அம்மாவுக்கும் பார்க்கின்சன். தினமும் மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடக்கிறார். போதாதா?

பதில்: போனில் பேசிக்கொண்டே நடக்கிறாரா? அப்படியானால் போதாது. அமெரிக்காவில், மருந்து தொடங்காத 128 பேரை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. அதிகபட்ச இதயத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் எட்டும்படி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அசைவுக் கோளாறு ஏறக்குறைய கூடவே இல்லை. வழக்கம்போல இருந்தவர்களுக்குக் கூடியது. மிதமாக நடந்தவர்களுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் இதய டாக்டரைப் பார்க்காமல் அந்த வேகத்துக்குப் போக வேண்டாம். அதுவரை மொட்டை மாடி நடையை விடவும் வேண்டாம்.

கேள்வி: என் கணவர் வாசற்படி வந்தாலே கால் தரையில் ஒட்டிய மாதிரி நின்றுவிடுகிறார். இவரைப் போய் சைக்கிளில் ஏற்றச் சொல்கிறீர்களா?

பதில்: நல்ல கேள்விம்மா. 2010-இல் அதே நைமேகன் டாக்டர்கள் ஒரு வீடியோ வெளியிட்டார்கள். 58 வயதுக்காரர், நாலு எட்டு வைப்பதற்குள் தடுமாறி விழப்போகிறார். அவரையே சைக்கிளில் ஏற்றினால் ஜம்மென்று ஓட்டிப்போய்த் திரும்பி வருகிறார். இறங்கியதும் பழையபடி கால் ஒட்டிக்கொள்கிறது! பெடல் சுற்றும் தாளமே காலுக்கு வழிகாட்டியிருக்கலாம் என்றார்கள். ஆனாலும் ரோட்டில் வேண்டாம். வீட்டில், முதுகு சாய்த்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் போதும்.

வாசற்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். நிற்க விடுங்கள். உடம்பின் கனத்தை இடம், வலம் என்று மெல்ல மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் பெரிய எட்டாக ஒன்று. படிக்கு முன்னால் ஓர் எட்டு இடைவெளியில் தரையில் கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டச் சொல்லியும் பாருங்கள்.

கேள்வி: பயிற்சி பலன் தந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்துப் பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: உடற்பயிற்சியால் மூளைச் செல்கள் உயிர்பெற்றதாக அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் கண்டுபிடித்ததாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

பதில்: 2024-இல் வந்தது. பத்துப் பேர், ஆறு மாதக் கடும் பயிற்சி. டோபமைன் செல்களைக் காட்டும் ஸ்கேன் சிக்னல் பெரும்பாலோருக்குக் கூடியது. சோர்ந்து கிடந்த செல்கள் தெம்பாகியிருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சி செய்யாத ஒரு பிரிவு அதில் இல்லை. ‘உயிர்பெற்றது’ எல்லாம் வாட்ஸ்அப் சேர்த்த மசாலா.

கேள்வி: வாசற்படி பற்றிக் கேட்டவள்தான். டேப் என்ன கலரில் வாங்க வேண்டும்?

பதில்: தரையின் நிறத்தில் கலந்துவிடாத எதுவும் சரி. உங்கள் வீட்டில் சிவப்புத் தரை என்றால் வெள்ளை வாங்குங்கள். ஓரம் கிளம்பாமல் அழுத்தி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே தடுக்கிவிடும்.