குதிரை ஏற வேண்டும் என்று கேட்காதே

கேள்வி: ஐயா, எனக்குத் திருமங்கலம் பக்கம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஒரு மாதம் எங்காவது வேலைப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுவரச் சொல்கிறது கல்லூரி. தோழிகள் பால் பண்ணை, ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று பிடித்துவிட்டார்கள். எனக்குக் குதிரை லாயத்தில்தான் ஆசை. மூன்று இடங்களுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு இடங்களில் கட்டண விவரம் அனுப்பினார்கள். ஒருவர் பதிலே போடவில்லை. வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி

பதில்: ‘குதிரையேற்றத்தில் மிகுந்த ஆர்வம் உண்டு’ என்றுதானே எழுதினாய், தாயி? அதைப் படிக்கிறவருக்கு நீ பயிற்சிக்கு வரும் மாணவி இல்லை, காசு கொடுத்துச் சவாரி பழக வரும் ஆள். கட்டணம் சொல்லாமல் என்ன செய்வார்?

நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தாத்தா மதுரை ஜங்ஷன் வாசலில் ஜட்கா என்ற குதிரை வண்டி ஓட்டியவர். அந்த இரண்டு தகுதியில் சொல்கிறேன்: லாயத்துக்காரருக்கு என்றைக்கும் ஆள் பற்றாக்குறை. ஆனால் ஏறுவதற்கு இல்லை. லத்தி அள்ள, தண்ணீர் சுமக்க, உடம்பு தேய்த்துவிட. அதற்கு வருகிறேன் என்று கேள்.

போனில் கேட்காதே. அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு காலை ஐந்தரைக்கு நேரில் போ. குதிரைக்காரர்களுக்குப் பேச நேரம் இருப்பது தீனி வைத்து முடித்த பிறகுதான். கையில் கல்லூரிக் கடிதம், சான்றிதழில் என்ன எழுத வேண்டும் என்ற மாதிரி, காலில் ஷூ. செருப்போடு போனால் அங்கேயே உன்னைக் கணக்குப் பார்த்துவிடுவார்கள். சவாரி சொல்லித்தரும் இடங்களோடு நிறுத்தாதே. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள், வண்டிப் பந்தயத்துக்கு வளர்க்கிறவர்கள் வீட்டுக் கொட்டகையிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் சான்றிதழைக் கல்லூரி ஏற்குமா என்று மட்டும் முதலில் துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்.

அவர்கள் உன்னைப் பார்க்கிற நேரத்தில் நீ அவர்களைப் பார். முதலில் தண்ணீர்த் தொட்டி. வளர்ந்த குதிரை ஒரு நாளைக்குச் சுமார் 30 லிட்டர் குடிக்கும். சித்திரை வெயிலில் 50ஐத் தொடும். தொட்டியில் பாசி படிந்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், வந்துவிடு. அடுத்து குளம்பு. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். ‘லாடம் அடிக்கிறவர் கடைசியாக எப்போது வந்தார்?’ என்று கேட்டால் தேதி சொல்கிறார்களா, இல்லை கூரையைப் பார்க்கிறார்களா? குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி ஒரு மெத்தை இருக்கும். அதில் அழுகல் வாடை அடித்தால் ஈரத்திலேயே கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போவதற்கு முன்னால் தடுப்பூசி. டெட்டனஸ் கிருமி குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் இருக்கும். ஒரு சின்னக் கீறல் போதும். ஊசி எப்போது போட்டது என்று அம்மாவுக்கே நினைவில்லை என்றால், போட்டுவிட்டுப் போ.

எனக்குப் பதினான்கு வயதில் தாத்தாவின் குதிரை தொடையில் ஓர் உதை விட்டது. குற்றம் அதனுடையதில்லை. சத்தம் கொடுக்காமல் அதன் வாலுக்குப் பின்னால் குறுக்கே போனேன். நேர் பின்னால் நிற்பது குதிரைக்குத் தெரியாது. தாத்தா என்னைத் தூக்கவில்லை, குதிரையைத்தான் போய்த் தட்டிக்கொடுத்தார். கோபம் தீர எனக்கு ரொம்ப நாளாயிற்று. அதனால், இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போ.

ஒரு மாதமும் நோட்டு எழுது. குதிரை ஓய்வாக நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை இருக்கும். தினமும் ஒரே குதிரையை எண்ணி எழுதினால் பேராசிரியருக்குக் காட்ட அதுவே போதும். அது வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, முன்னங்காலால் தரையைப் பறித்தாலோ, காலையில் லத்தி போடாமல் இருந்தாலோ உடனே கத்திக் கூப்பிடு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்று வலி அதன் உயிரையே கொண்டுபோய்விடும்.

நம்ம மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரார், அதாவது மாணிக்கவாசகர் கதையிலும், பரியெல்லாம் ராத்திரியில் நரியாகி லாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் குதறியதை முதலில் கண்டு பாண்டியனிடம் ஓடியது மந்திரி இல்லை, லாயக்காரர்கள்தான்.

சம்பளம் கேட்காதே, டீயும் காலைப் பலகாரமும் கொடுத்தால் நல்ல இடம். உன்னிடம் பணம் கேட்டால் அது பயிற்சி வேலை இல்லை, வகுப்பு. மூன்றாவது வாரத்தில் அவர்களாகவே ‘ஏறிப் பார்க்கிறாயா?’ என்பார்கள். ஹெல்மெட் கொடுத்தால் மட்டும் ஏறு.

கேள்வி: கொள்ளு நிறையக் கொடுத்தால் குதிரை வேகமாக ஓடுமா?
– ஒரு வாசகர், சோழவந்தான்

பதில்: முதல் தீனி புல்தான். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ அளவாகக் கொடுங்கள். திடீரென்று அள்ளி வைத்தால் உங்கள் குதிரை ஓடாது, நீங்கள்தான் டாக்டரிடம் ஓடுவீர்கள்.