காடு மண்டிய காய்கறி நிலத்தை நடவுக்குக் கொண்டு வருவது: மலைப்பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

வருடக்கணக்காகக் கைபடாமல் புதர் ஏறிப்போன காய்கறி நிலத்தைத் திருத்துவது பற்றி நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கேள்விகள் இவை. நான் கோத்தகிரிப் பக்கம் காய்கறி போடுகிறவள். மற்றவர்களின் நிலத்தைத் திருத்திக் கொடுக்கும் வேலையும் செய்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேத்தியிலிருந்து: அக்கா, அப்பா போனதுக்கு அப்புறம் எங்கள் 20 சென்ட் சும்மாவே கிடக்கிறது, முழுக்க கிக்கியூ புல். பவர் டில்லர் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரே நாளில் ஓட்டிவிடலாமா?

வேண்டாம் தம்பி, அதை மட்டும் செய்யாதீர்கள். கிக்கியூ விதையை நம்பிப் பிழைக்கிற புல் இல்லை. மண்ணுக்கு மேலே ஒரு தண்டு ஓடும், மண்ணுக்குள்ளே வெள்ளையாக இன்னொரு தண்டு ஓடும், இரண்டிலும் கணுவுக்குக் கணு வேர் விடும். டில்லர் கத்தி அதைத் துண்டு துண்டாக நறுக்கி நிலம் முழுக்க நட்டுவிட்டுப் போகும். ஓட்டிய அன்றைக்குப் பார்க்க அழகாக இருக்கும். ஒரு மழை பெய்தால் முன்பைவிட அடர்த்தியாக வரும்.

முதலில் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டு மேயவிடுங்கள், இல்லை புல்லை அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அவர்களுக்கும் தீவனம், உங்களுக்கும் பாதி வேலை மிச்சம். தரையோடு தரையாக ஆனதும் ஓரத்தில் ஒரு அடி ஆழத்துக்கு ஒரு சால் வெட்டி அங்கிருந்து ஆரம்பியுங்கள். மண்வெட்டியால் கொத்தினால் தண்டு அறுபடும், அதனால் நாலு பல் வைத்த முள் மண்வெட்டிதான் இதற்கு வேண்டும். அடியில் குத்தி மண்ணை நெம்பி, தளர்ந்ததும் கையால் தண்டைப் பிடித்து அது ஓடுகிற திசையிலேயே மெதுவாக இழுங்கள். ஒரு முழம், சில சமயம் ஒரு ஆள் நீளத்துக்குக்கூட முழுசாக வரும். அப்படி வந்தால் அந்த இடம் சுத்தம். நடுவில் அறுந்துவிட்டால் அறுந்த முனையைத் தேடி எடுத்த பிறகுதான் அடுத்த குத்து. துளிர்க்கிற தண்டு பெரும்பாலும் மேல்மண்ணில் அரை அடிக்குள்தான் இருக்கும், அதற்குக் கீழே போகிற மெல்லிய வேர் தனியாகத் துளிர்க்காது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

எடுத்ததை வரப்பில் குவிக்காதீர்கள், அங்கேயே வேர் பிடிக்கும். பாறை மேலோ பழைய தார்ப்பாய் மேலோ பரப்பி மொறமொறவென்று காய்ந்த பிறகு எருக்குழியில் போடலாம். இதனால்தான் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இந்த வேலைக்கு நல்ல காலம் என்கிறேன். வெயில் நமக்கு வேலை செய்து கொடுக்கும், மண்ணும் உதறினால் உதிரும். அதற்கப்புறம் முதல் வருடம் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடந்து பார்த்து, எட்டிப் பார்க்கிற துளிரைத் தோண்டி எடுங்கள். இந்த நடை இல்லாவிட்டால் முன்னால் செய்தது எல்லாம் வீண்.

குன்னூரிலிருந்து: அட்டைப்பெட்டி விரித்து மூடி வைத்தால் புல் செத்துவிடும் என்கிறார்களே, தோண்டாமல் முடியாதா?

முடியும், பொறுமை இருந்தால். அட்டையின் டேப், ஸ்டேப்ளர் பின் எல்லாம் எடுத்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி விரித்து, நனைத்து, மேலே சாணமும் காய்ந்த இலையும் தடிமனாகப் போடுங்கள். சமவெளியில் சீக்கிரம் மட்கும், நம் குளிரில் நிதானமாகத்தான் மட்கும், அரை வருடமாவது ஒதுக்குங்கள். ஓரத்திலிருந்து கிக்கியூ உள்ளே ஓடி வரும், அதனால் சுற்றிலும் சால் கட்டாயம். சின்னப் பாத்திக்கு நல்ல வழி, 20 சென்டுக்கு அவ்வளவு அட்டை சேர்ப்பதே பெரிய பாடு.

உதகையிலிருந்து: களைக்கொல்லி அடித்தால் என்ன தப்பு?

கிளைபோசேட்டைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது, நாமே வாங்கி அடிப்பதற்கு இடமில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் நிலத்தின் அடியில் ஒரு ஓடை இருக்கும், அந்த ஓடையில் யாரோ குடத்தை வைப்பார்கள். நான் அடிப்பதும் இல்லை, அடிக்கச் சொல்வதும் இல்லை.

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து: எங்கள் நிலம் நல்ல சரிவு. பழைய படிமட்டம் இருக்கிறது, பாதி இடிந்துவிட்டது. ஜேசிபி வைத்து மொத்தமும் வழித்துப் புதிதாகப் போட்டால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முதலில் சட்டம்: நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் காய்கறி நிலத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன், ஏனென்றால் அது மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலந்து போட்டுவிடும். மேலே இருக்கிற கறுப்பு மண்தான் நம் சொத்து, அது ஒரு அடி இருக்கலாம், அரை அடியே இருக்கலாம். அடியில் இருக்கிற சிவப்பு மண்ணில் முட்டைக்கோசு தலை கட்டாது.

உங்கள் நிலத்தில் நிற்கிற புதர், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும், இப்போதைக்கு அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். மொத்தத்தையும் ஏப்ரலில் வழித்துப் போட்டுவிட்டு நடவுக்கு ஆள் கிடைக்காமல் நின்றால், கோடை மழை ஒன்று சாய்த்து அடித்தாலே போதும், வெற்று மண் அடிவாரத்துக்குப் போய்விடும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஐப்பசியில் வெற்று நிலம் இருக்கவே கூடாது. அதனால் ஒரு வாரத்தில் எவ்வளவு நட முடியுமோ, அல்லது இலைதழை போட்டு மூட முடியுமோ, அவ்வளவுதான் அந்த வாரத்தில் திருத்த வேண்டும். மீதி அப்படியே புதராக நிற்கட்டும்.

படிமட்டத்தை மேலிருந்து கீழாகச் சரிசெய்து வாருங்கள். மேல் மட்டத்தின் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று முதலில் பார்த்து அதற்கு ஓரமாக ஒரு வடிகால் எடுத்துவிட்டால் கீழ் மட்டத்துக் கரை தானாகவே பிழைக்கும். மட்டம் வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கமாக லேசாகச் சாய வேண்டும். இடிந்த கரையில் கல் அடுக்கி, கரைமுகத்தில் இருக்கிற புல்லை மட்டும் விட்டுவிடுங்கள், கிக்கியூவாக இருந்தாலும் சரி. அதை மாதம் ஒருமுறை அரிவாளால் அறுத்தால் போதும், தோண்டினால் கரை போச்சு. அப்புறம், பாத்தியும் சாலும் சரிவுக்குக் குறுக்கேதான் ஓட வேண்டும். மேலிருந்து கீழாக உருளைக்கிழங்கு சால் போடுகிற பழக்கம் இன்னும் பல இடத்தில் இருக்கிறது. தண்ணீர் தேங்காது, கொத்தவும் சுலபம், உண்மைதான், ஆனால் மண்ணும் அதே சால் வழியாகவே இறங்கிவிடுகிறது.

கொடைக்கானல், வில்பட்டிப் பக்கம்: மேடம், கீழ்ப் பாதியில் உண்ணிச்செடி (லண்டானா), மேல் பாதியில் வெள்ளைப் பூ பூக்கிற யூபடோரியம். வெட்டினால் திரும்பத் திரும்ப வருகிறது.

உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் வரத்தான் செய்யும். தண்டும் வேரும் சேருகிற கழுத்துப் பகுதிதான் துளிர்க்கிறது. மண்ணை விலக்கி, கழுத்துக்குக் கீழே ஒன்றிரண்டு அங்குலம் ஆழத்தில் ஆணிவேரை வெட்டிச் செடியைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுங்கள், காய்ந்துவிடும். காய் பழுப்பதற்கு முன் செய்தால் பறவை விதை பரப்பாது. யூபடோரியம் வேர் ஆழமில்லை, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது அடியைப் பிடித்து இழுத்தாலே வரும். அதன் விதை பஞ்சு மாதிரிக் காற்றில் போகும், பூ விரிவதற்கு முன்னாலேயே பிடுங்கிவிட்டால் அதையே பாத்திக்கு மூடாக்காகப் போடலாம். ஒன்று முக்கியம்: கொடைக்கானலில் குதிரை வைத்திருப்பவர்கள் நிறைய. யூபடோரியம் குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். வெட்டிய குவியலைக் குதிரை வாய் வைக்கிற இடத்தில் போடாதீர்கள்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: வெட்டிப் போட்டதைக் கொளுத்திவிடலாமா?

கூடாது. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பொறி போதும், பக்கத்துச் சோலை போய்விடும்.

எமரால்டிலிருந்து: ரோஸ் பூ புளியாரை. கேரட் பாத்தியில் கேரட்டைவிட அதுதான் அதிகம்.

பிடுங்கினால் இலை கையோடு வரும், அடியில் கிழங்கும் அதைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளும் அப்படியே இருக்கும், பிடுங்குகிற வேகத்தில் குட்டிகள் சிதறி இன்னும் பரவும். செடி சின்னதாக, இரண்டு மூன்று இலையோடு இருக்கும்போதே அடிமண்ணோடு அள்ளி எடுங்கள், அப்போது குட்டி கட்டியிருக்காது. அந்த மண்ணைச் சலித்துக் கிழங்கை எருக்குழியில் போடாமல் தனியே அழியுங்கள். கேரட்டை அந்தப் பாத்தியில் ஒரு வருடம் விட்டுவிட்டு, அடர்த்தியாக இலை மூடுகிற முட்டைக்கோசு மாதிரிப் பயிர் போட்டால் புளியாரை வெளிச்சம் இல்லாமல் சோர்ந்துபோகும். ஒரே வருடத்தில் ஒழியாது.

கோயம்புத்தூரில் வேலை, நிலம் கோத்தகிரியில்: புதருக்குள் இறங்கவே பயமாக இருக்கிறது. என்ன ஜாக்கிரதை வேண்டும்?

பயப்படுவதில் தப்பில்லை. காட்டுமாடு இந்த மாதிரிப் புதர் மறைவில் பகலில் படுத்திருக்கும், உண்ணிச்செடிக் காட்டில் கரடியும் இருக்கலாம். வெயில் ஏறிய பிறகு போய், தூரத்திலிருந்தே தகரத்தைத் தட்டி, குரல் கொடுத்து, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தனியாக வேண்டாம். பாம்புக்கு முழங்கால் உயர பூட்ஸ், கையால் விலக்காமல் கம்பால் விலக்குவது. ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சிக்கு உப்பு போதும்.

பலர் கவனிக்காத விஷயம் உண்ணிக் காய்ச்சல். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்து வருவது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் வரும், நாம் புதர் வெட்டியதையே மறந்திருப்போம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் வலியில்லாத ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சில பேருக்கு அது இல்லாமலும் வரும். எப்படி இருந்தாலும் டாக்டரிடம் "புதர் வெட்டினேன்" என்று நீங்களே சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் சீக்கிரம் கொடுத்தால் குணமாகிறது, தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. முழுக்கை, முழுக்கால் சட்டை, வேலை முடிந்ததும் குளியல், அந்தத் துணியோடு படுக்கையில் உட்காராமல் இருப்பது, இவ்வளவும் செய்யுங்கள்.

கூக்கல்தொரையிலிருந்து: திருத்தி முடித்தாச்சு. உரம் போடட்டுமா, சுண்ணாம்பு போடட்டுமா?

மண் பரிசோதனை செய்துவிட்டுப் போடுங்கள் அண்ணா, தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நம் மலை மண் பொதுவாக அமில மண், அதில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு உரம் கொட்டினாலும் செடிக்குப் பாதிகூடப் போகாது. டோலமைட் (சுண்ணாம்புச் சத்துள்ள கல் தூள்) சென்டுக்கு 8 முதல் 10 கிலோ என்பது நடுத்தரமான அளவு, பரிசோதனை வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். நடவுக்கு மூன்று நாலு வாரம் முன்பே தூவிக் கொத்திவிட வேண்டும். சாண எருவை அதே நாளில் கலக்காதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) ஆவியாகப் போய்விடும். முட்டைக்கோசு மதியத்தில் வாடி, பிடுங்கினால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கிற நோய் உங்கள் பக்கம் உண்டு. அது அமில மண்ணில்தான் ஆடும், அதற்கும் சுண்ணாம்புச் சத்து நல்லது.

உதகை, முத்தோரைப் பக்கம்: புது நிலத்துக்கு முதல் பயிர் உருளைக்கிழங்குதானே வழக்கம்?

வழக்கம்தான், மண்ணை நன்றாகக் கிளறிக் கொடுக்கும். ஆனால் உங்கள் நிலத்தில் முன்பு என்ன போட்டார்கள் என்று பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். உருளைக்கிழங்கின் வேரைத் தாக்குகிற முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவில் முதன்முதலில் 1961ல் கண்டுபிடித்ததே நம் நீலகிரியில்தான், பழனி மலையிலும் அது இருக்கிறது. கூட்டுக்குள் முட்டை பல வருடம் உயிரோடு கிடக்கும், நிலம் சும்மா கிடந்ததால் செத்திருக்கும் என்று நம்ப முடியாது. ஒரு மூலையில் பத்துப் பதினைந்து செடி மட்டும் நட்டு, இரண்டு மாதம் ஆனதும் ஒன்றை மெதுவாகத் தோண்டி வேரைப் பாருங்கள். கசகசா அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மணி மணியாக ஒட்டியிருந்தால் அதுதான். அப்படியிருந்தால் கேரட், பீன்ஸ், முட்டைக்கோசு, பூண்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், தக்காளியும் கத்தரியும் வேண்டாம். எதிர்ப்புத்திறன் உள்ள குஃப்ரி ஸ்வர்ணா விதை கிடைக்குமா என்று உங்கள் ஊரிலேயே இருக்கிற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். வாடகை மண்வெட்டி, டில்லர் எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், பக்கத்து நிலத்து மண்ணோடுதான் இது வருகிறது.

கிழங்குக்குப் பதில் ஏப்ரல், மே நடவுப் பருவமான கார்போகத்தில் பட்டாணியோ பீன்ஸோ போட்டால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும், நான் அதைத்தான் விரும்புவேன்.

மன்னவனூரிலிருந்து: நிலத்தில் நாலு சீகை மரம் (வாட்டில்) முளைத்துப் பெரிதாகிவிட்டது. வெட்டலாமா?

பட்டா நிலமாக இருந்தாலும் அனுமதி வாங்குங்கள், 1955ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் கொடைக்கானலுக்கும் உண்டு. வெட்டிய அடுத்த மழைக்கு அந்த இடத்தில் சீகை நாற்று நூற்றுக்கணக்கில் எழும்பும். விதை மண்ணுக்குள் பல வருடம் தூங்கிக் கிடப்பது. விரல் நீளம் இருக்கும்போதே ஈர மண்ணில் பிடுங்கிவிடுங்கள், முழங்கால் உயரம் வந்தால் மண்வெட்டி தேவைப்படும்.