சோசலிசம்: எந்த ஆண்டின் சொல்?

அன்புள்ள ஐயா,

சோசலிசமும் கம்யூனிசமும் ஒன்றுதான் என்கிறார் என் நண்பர். முன்னது பின்னதற்குப் படிக்கட்டு என்று மார்க்ஸே வகுத்திருப்பதாக நான் வாதிட்டேன். எங்களில் யார் சொல்வது சரி?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

மார்க்ஸ் அப்படி வகுக்கவில்லை. ஜெர்மானியத் தொழிலாளர் கட்சிக்காக வரையப்பட்ட கோத்தா திட்டத்தின் மீது 1875இல் எழுதிய விமர்சனத்தில் அவர் பேசுவது கம்யூனிச சமுதாயத்தின் முதல் கட்டத்தையும் உயர்ந்த கட்டத்தையும் பற்றித்தான். அந்த முதல் கட்டத்தையே வழக்கமாகச் சோசலிசம் என்கிறார்கள் என்று 1917இல் ‘அரசும் புரட்சியும்’ நூலில் எழுதியவர் லெனின்; உங்கள் படிக்கட்டு அங்கிருந்து பரவியது.

சொல்லுக்கு வயது அதைவிட அதிகம். பிரிட்டிஷ் சமூகச் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவனின் வழி நின்றவர்கள் லண்டனில் நடத்திய கூட்டுறவு இதழில், 1827ஆம் ஆண்டிலேயே, மூலதனம் தனியாரிடம் இருப்பது நல்லதா பொதுவில் இருப்பது நல்லதா என்ற வழக்கில் இரண்டாவது தரப்பினருக்குச் சோசலிஸ்டுகள் என்ற பெயர் வந்துவிட்டது. பிரான்சில் கதை வேறு. 1830களில் சிந்தனையாளர் பியர் லெரூ இச்சொல்லைத் தனிமனிதவாதத்துக்கு எதிர்ச்சொல்லாகக் கையாண்டார். அதுவும் பாராட்டாக அல்ல, தனிமனிதரைச் சமூகம் விழுங்கிவிடும் அபாயத்தைச் சுட்டுவதற்காக. பிற்பாடு அவரே தம்மைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார் என்பது தனி வேடிக்கை.

மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதி 1848இல் வெளிவந்த கம்யூனிஸ்ட் அறிக்கைக்கு ஏன் சோசலிஸ்ட் என்று பெயரிடவில்லை என்பதற்கு எங்கெல்ஸ் 1888ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பு முன்னுரையில் விளக்கம் தருகிறார். அந்நாளில் சோசலிசம் நடுத்தர வர்க்கத்தின் இயக்கமாக, கனவான்கள் கூசாமல் உச்சரிக்கக்கூடியதாக இருந்தது, கம்யூனிசமோ தொழிலாளர்களுடையது. ஆக, அன்று இரண்டையும் பிரித்தது கொள்கை நுணுக்கத்தைவிட, யார் வாயில் அந்தச் சொல் வழங்கியது என்பதே. 1875இல் ஜெர்மானியத் தொழிலாளர் கட்சியே சோசலிஸ்ட் என்ற பெயரை ஏற்றபோது அந்த வேலி சாய்ந்தது. 1918இல் லெனினின் போல்ஷெவிக்குகள் தங்கள் கட்சியைக் கம்யூனிஸ்ட் கட்சி என்று பெயர் மாற்றியபோது மறுபடியும் எழுந்தது, இம்முறை சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்ற இரு முகாம்களுக்கு நடுவே.

ஆகவே உங்கள் நண்பரிடம் எந்த ஆண்டைப் பற்றிப் பேசுகிறார் என்று கேளுங்கள். தமிழில் இந்தக் குழப்பம் சற்றுக் குறைவு என்பது என் எண்ணம். பொதுவுடைமை என்றால் பேச்சு உடைமையைப் பற்றியது; சமதர்மம் என்றால் சமத்துவத்தைப் பற்றியது. 1976இல் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்த்த ‘சோசலிஸ்ட்’ என்ற சொல்லைச் சமதர்மம் என்று பெயர்ப்பது பொருந்துகிறது. பொதுவுடைமை என்று பெயர்த்திருந்தால் பொருள் வேறெங்கோ போயிருக்கும்.