சி.ஓ.எம்.டி மரபணுவைத் திருத்தியும் சோளத்தின் நடுநரம்பு பழுப்பாகவில்லையா?

வணக்கம். எரிசாராயச் சோளத்தில் செல்சுவரை இறுக்கும் லிக்னினைக் குறைக்க, அதை உருவாக்க உதவும் சி.ஓ.எம்.டி (COMT) மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் திருத்தியும், மூன்று இலை விட்ட முதல் தலைமுறைச் செடிகளில் நடுநரம்பு பழுப்பாகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள்.

முதலில், இது ஒடுங்கு பண்பு. 1978-இல் பர்டூ பல்கலைக்கழகத்தார் வேதிப்பொருளால் சடுதிமாற்றம் செய்து வெளியிட்ட பி.எம்.ஆர் (பழுப்பு நடுநரம்பு) சோள வரிசையில் 12-ஆம் எண் இதே மரபணுதான். இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் நிறம் வரும். உங்கள் செடியில் ஒன்று மட்டும் வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது திசுவுக்குத் திசு மாறியிருக்கலாம். வெட்டிய இடத்து டி.என்.ஏ-வைப் பெருக்கி அதன் எழுத்து வரிசையைப் பாருங்கள். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் தன்மகரந்தச் சேர்க்கை செய்து விதை எடுங்கள். அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நாலில் ஒன்று பழுப்பாக வரும்.

இன்னொன்று, நீங்கள் அவசரப்படுகிறீர்கள். நாலைந்து இலைக்குப் பிறகுதான் நிறம் தெளியும். முதிர்ந்தால் இலையில் மங்கிவிடும், அப்போது தண்டைப் பிளந்து பாருங்கள்.

கண்ணை மட்டும் நம்பாமல் தண்டுத் துண்டில் லிக்னின் வகையைக் காட்டும் மாய்லே சாயமும் போடுங்கள்: பெர்மாங்கனேட், ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு அம்மோனியா. சி.ஓ.எம்.டி உதவியால் உருவாகும் சிரிங்கில் வகை லிக்னின் சிவக்கும், சி.ஓ.எம்.டி செயலிழந்த தண்டில் அந்தச் சிவப்பு வெகுவாகக் குறையும். லிக்னினுக்கு வழக்கமாகப் போடும் புளோரோகுளூசினால் சாயம் இந்த வகையைப் பிரித்துக் காட்டாது, அதனால் இதற்குப் போதாது.

அடுத்து பல மரபணுக்களை இயக்கும் நாக் (NAC) வகை முதன்மை மரபணுவைத் தொடலாமா என்றும் கேட்டீர்கள். வேண்டாம் என்பேன். அது செல்லின் தடித்த இரண்டாம் நிலைச் சுவர் முழுவதும் உருவாவதை இயக்குவது. சுவர் மெலிந்தால் நீர்க்குழாய்கள் நசுங்கிச் செடி குட்டையாகிவிடும்.

டி.என்.ஏ வரிசை வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.