‘ஐ லிவ்’ சரியா, ‘ஐ ஆம் லிவிங்’ சரியா?

‘நான் சென்னையில் வசிக்கிறேன்’ என்பதற்கு இரண்டில் எதைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இண்டர்வியூ ஏதோ இருக்கிறது போல. எனக்கும் அப்படி ஓர் இண்டர்வியூவில்தான் இது உறைத்தது.

நான் ரங்கூன்காரன். (1989-இல் யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள், வீட்டில் இன்னும் ரங்கூன்தான்.) வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலைக்குப் போயிருந்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்றார்கள். ‘ஐ ஆம் லிவிங் இன் யாங்கோன்’ என்றேன், கொஞ்சம் ஸ்டைலாகவே. எதிரே இருந்த அம்மாள் சிரித்தபடி, "அப்படியா, சொந்த ஊர் எது? எப்போது திரும்பிப் போவீர்கள்?" என்றார்.

சுருக்கென்றது. பூட்டன் காலத்தில் ஐராவதி டெல்டாவுக்கு நெல் அறுக்க வந்த குடும்பம் எங்களுடையது. 1964-இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். எங்கள் தாத்தா ஏறவில்லை. என்னைப் போய் எப்போது போவீர்கள் என்றால்?

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் புரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை, என் ‘இங்’கைக் கேட்டுத்தான் கேட்டார். ‘ஐ ஆம் லிவிங்’ என்றால் இப்போதைக்கு இருக்கிறேன் என்று ஒரு தொனி: ஹாஸ்டல், மாற்றல், வாடகை ரூம். குடியே அங்கேதான் என்றால் ‘ஐ லிவ்’. நமக்கு இது குழம்புவதில் ஆச்சரியமில்லை. தமிழில் ‘இருக்கேன்’ ஒன்றே இரண்டுக்கும் போதும். பர்மியத்தில் குடியிருப்பதற்கும் ‘நே’, ‘கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் அதே ‘நே’. சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்றால் ‘சா நே தே’. இந்த இரண்டையும் மண்டையில் வைத்துக்கொண்டு இங்கிலீஷ் பேசினால் இப்படித்தான்.

இலக்கணம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ‘ஐ ஆம் லிவிங்’ தப்பென்று நான் சொல்லவே இல்லை. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்’ இவைதான் உதைக்கும். ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. சாப்பிடுவது செயல், பிள்ளை இருப்பது செயல் இல்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 1982 குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன் இங்கே குடியேறிய இனத்தாரைத்தான் இந்த நாட்டுத் தேசிய இனமாக எண்ணுகிறது. பூட்டன் பிந்திவிட்டார். சரி, அது இங்கத்திய கதை. போன மாதம் ராமநாதபுரத்துச் சொந்தக்காரர் போனில், "இன்னும் பர்மாவுலயேதான் இருந்துக்கிட்டிருக்கீங்களா மாப்ளே?" என்றார். அவர் தமிழிலேயே ‘இங்’ போட்டுவிட்டார்.